அட்டையில் போட ஒரு வரி

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

மிளகு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடுகும் அவள் அப்பாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியைப் பந்தயம் கட்டியது மாதிரி ஏறாதீர்கள்.

அம்மா போய் ஏப்ரல் இருபதோடு ஒரு வருஷம். சலவைக்கூடத்து மேற்பார்வை அம்மா எழுதியிருந்தார். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போட்டவளுக்கு, அன்றைக்கு வேலை முடிந்ததும் கூடத்திலேயே ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். மடிக்கிற மாதிரி ஓர் அட்டை அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்பார்களாம். உள்ளே ஒரு பக்கத்துக்கு அம்மாவின் வாழ்க்கை. அதை எழுத வேண்டியது நான்.

உட்கார்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது பாதிதான் மாமா. நான் பிறப்பதற்கு முந்தைய அம்மாவை அறிந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். ஞாபகம் இருக்கிறதையெல்லாம் எழுதுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். கதை வேண்டாம், நடந்தது வேண்டும்.

முகப்பில் போடும் வரியை மட்டும் முடிவு செய்துவிட்டேன். அம்மா எனக்குப் போட்ட நூற்று நாற்பத்திரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் உங்கள் கையெழுத்து, அம்மாவின் வாய்ச்சொல். பதினொரு வருஷம் முன்பு, ஆபரேஷனுக்கு முன்னால் எழுதச் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? "நீ வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் உடம்பு ஆறும். நீ அங்கேயே நிமிர்ந்து நின்றால் என் உயிரே ஆறும். வராதே மகளே." அதுதான். அம்மா என்றால் எனக்கு அந்த வரிதான்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்,
மிளகு


ஜனவரி 21

உலகத்துப் பொக்கை வாய்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுத்து, சிரிப்பை மறந்தவர்களையும் சிரிக்க வைக்கும் பல் பட்டறையின் பேரரசியும், என் ஒரே மருமகளுமாகிய மிளகுக்கு, இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் முழங்கி ஓய்வு பெற்ற மாமன் ஆசிகளுடன் வரைவது.

முழங்கால் சௌக்கியம். நானும் சௌக்கியம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அவ்வளவுதான். கடுகு இன்னும் கொஞ்சம் வளர்ந்தாளா, அல்லது உன்னைப் போல் காரத்தில் மட்டும் வளர்கிறாளா?

நடந்தது வேண்டும் என்கிறாய். நான் என்றைக்கு நடக்காததைச் சொன்னேன்? குறித்துக்கொள்.

எனக்கு இரண்டு வயதில் எங்கள் அம்மா படுத்த படுக்கையானாள். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் ஆறு வயது வரைக்கும் இறக்கவில்லை. தரை என்று ஒன்று இருப்பதையே நான் பள்ளிக்கூடத்தில்தான் பார்த்தேன். அவள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்ததே, அது என் எடையால்.

இஸ்திரி விஷயம். அவள் தேய்த்து மடித்த விரிப்பின் விளிம்பை வைத்து ஆஸ்பத்திரிச் சமையல்காரர் வெங்காயம் நறுக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு வைத்தியர் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்து விரலை வெட்டிக்கொண்டு, அதே விரிப்பிலேயே படுத்தார்.

உனக்கு ஐந்து வயதில், விரிப்பு தேய்க்கும் உருளை இயந்திரம் அவள் வலது கை விரல் இரண்டைக் கவ்வியது. உன் அப்பா போய் அப்போது நாலு மாதம். நீ அழுக்குத் துணிக்கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்தால் பயந்துபோவாய் என்று, சத்தமே போடாமல் இடது கையால் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். இதில் நான் ஒரு குண்டுமணி கூடச் சேர்க்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கையில் பேனா நிற்கவில்லை. தொலைபேசியோ, அதை எடுத்தாலே அவளுக்குப் பேச்சு நின்றுபோகும். அப்படித்தான் நான் அரசவைக் காரியதரிசி ஆனேன்.

கடுகுக்கு நாலு வயதில் நீங்கள் வந்தபோது, கழித்துப்போட்ட விரிப்பில் ஒரு கவுன் தைத்தாளே. முதுகில் 'வார்டு 7' முத்திரை அழியவே இல்லை. "நான் வார்டு ஏழு" என்று பிள்ளை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று தெரு தள்ளி ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

மற்றவை பின்னால்.

இப்படிக்கு,
உன் மாமன்

பி.கு. அந்த முகப்பு வரி சற்று நீளம். அட்டை சின்னது. வேறு ஏதாவது பார்க்கலாமே.


பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் முழங்காலோடு சமாதானமாகப் போங்கள்.

வெங்காயத்தையும் வைத்தியரையும் வெட்டிவிட்டேன். துணிக்கூடை எனக்குத் தெரியாது மாமா. அதை எழுதப் போகிறேன். வார்டு ஏழும் வரும். கடுகின் கட்டளை அது.

முகப்பு வரி நீளம்தான். எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். அதை மாற்றச் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு நான் பை கட்டி வைத்திருந்தேன். கடுகுக்கு மூன்று மாதம். பட்டறையில் வேலை நிரந்தரமாகவில்லை. நடுவில் போனால் திரும்பச் சேர்க்க மாட்டோம் என்று முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார். இருந்தும், அம்மா ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவது என்றிருந்தேன். கடிதம் வந்தது. "வராதே மகளே." பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கிவிட்டேன். அதை அப்படியே அம்மாவுக்கும் எழுதினேன். இந்த வேலை, இந்த வீடு, எல்லாம் அந்த வரியின் மேல் நிற்கிறது.

அச்சகத்துக்கு மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். ஆபரேஷன் அன்றைக்கு அம்மா எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். அதைப் பற்றி நீங்கள் எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை.

உங்கள்,
மிளகு


பிப்ரவரி 24

பல் பட்டறைப் பேரரசிக்கு,

மாமன் நலம். தாமதத்துக்குக் காரணம், என் மூக்குக் கண்ணாடி காணாமல் போய், அதைத் தேடுவதற்கு வேண்டிய மூக்குக் கண்ணாடியும் அதுவாகவே இருந்ததால் பதினெட்டு நாட்கள் வீணாயின.

உன் வரியைப் பற்றி ஆழ்ந்து யோசித்தேன். வாசலிலேயே 'வராதே' என்று எழுதி வைத்துக் கூட்டம் நடத்துவது சரியாக இருக்குமா? வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட மாட்டார்களா? அதனால் அக்கா தினம் சொன்ன வாக்கியங்கள் சிலவற்றைத் தொகுத்திருக்கிறேன். 'ஈரத்தோடு மடிக்காதே.' 'முதலில் உட்கார், அப்புறம் பேசு.' 'பிள்ளைக்குச் செருப்பு ஒரு அளவு பெரிசா வாங்கு.' 'இவன் சொல்றதுல பாதியை எடுத்துக்கோ' (இது என்னைப் பற்றி). எல்லாம் சத்தியமாக அவள் வாயிலிருந்து வந்தவை.

ஆபரேஷன் அன்றைக்கு நல்ல வெயில். ஆஸ்பத்திரி நடைபாதையைக் கழுவி விட்டிருந்தார்கள். நான் வழுக்கி விழுந்து, நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உட்கார்ந்தபடியே பயணம் செய்தேன். ஏழு தாதிகள் வழிவிட்டு நின்றார்கள். வேறு விசேஷமில்லை.

அச்சகத்துக்காரரை நேரில் பார்த்தேன். அட்டை மட்ட ரகம். முகப்பை இப்போதைக்கு அச்சுக்கோக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவசரமில்லை.

கடுகுக்கு முத்தம்.

உன் மாமன்


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே?

அச்சகத்துக்காரர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். நீங்கள் அட்டையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். "அந்த வரியை மட்டும் போடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்" என்றீர்களாம். இரண்டு தடவை போனீர்களாம். இரண்டாவது தடவை கொஞ்ச நேரம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களாம். அவருக்கே பயமாகிவிட்டது. "உங்க மாமாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்கிறார்.

எனக்கு இரண்டு நாளாகக் கை ஓடவில்லை. நேற்று ஒரு பெரியவரின் செட்டில் முன்பல் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பித் தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். இதுவரைக்கும் கவனிக்காத ஒன்றைப் பார்த்தேன். முதல் நாற்பத்தெட்டு கடிதங்களில் அடியில் 'உன் அம்மா' என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். வராதே கடிதம் நாற்பத்தெட்டாவது. அதற்கு அடுத்ததிலிருந்து கடைசி வரைக்கும் அம்மாவே கோணல்மாணலாக 'அம்மா' என்று போட்டிருக்கிறாள். விரல் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருக்கும் என்றுதான் அப்போது சந்தோஷப்பட்டேன்.

போன வருஷம் நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு தடவை நேரத்துக்கு வராத மகள் நான். அந்த வரி இருந்ததால்தான் தாங்கினேன். அவளே வேண்டாம் என்று சொன்னவள், புரிந்துகொள்வாள் என்று.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்த வரியை அம்மா சொன்னாளா?

மிளகு


மார்ச் 11

அன்பு மருமகளே,

நலம், நலமறிய ஆவல். தபால்காரர் வாசலில் நிற்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். நீ கேட்ட கேள்வி மிக நுட்பமானது. ஒரு மனிதர் சொன்னார் என்றால் என்ன? உதட்டால் சொல்வது உண்டு, உள்ளத்தால் சொல்வது உண்டு, பக்கத்தில் இருக்கிறவன் புரிந்துகொள்ளும்படி சும்மா இருப்பதும் உண்டு. விரிவாகப் பின்னர். மழை வரும் போலிருக்கிறது. துணி காய்கிறது. கடுகை விசாரித்ததாகச் சொல்.

மாமன்


மார்ச் 16

மாமா,

சொன்னாளா, இல்லையா.

மிளகு


மார்ச் 25

மிளகு,

இல்லை.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்துத் தபாலில் போட்டுவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். முடித்தால் நீ பாதியைத்தான் தெரிந்துகொள்வாய். முழுவதையும் எழுதுகிறேன்.

அன்றைக்கு வேலை விட்டு வந்து, காலைக் கூடக் கழுவாமல் என் அறைக்கு வந்தாள். மார்பில் இருக்கிற கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தியர் நாள் குறித்துவிட்டார் என்றாள். "எழுது" என்றாள். அவள் சொன்னது இதுதான். பதினொரு வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு சொல்லும் மாறவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. பத்து நாள் வந்துட்டுப் போகச் சொல்லு. பிள்ளையைத் தூக்கிட்டு வரட்டும், ராத்திரியில நான் பாத்துக்கறேன், அவ தூங்கட்டும்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

உன் முந்தைய கடிதம் என் மேஜை மேல் இருந்தது. நிரந்தரமாகாத வேலை, முதலாளி, வாடகை வீடு, எல்லாம் அதில் இருந்தது. நீ வந்தால் அங்கே எல்லாம் போய்விடும் என்று பட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேனே என்றும் பட்டது. இதெல்லாம் உண்மை. ஆனால் உன்னிடம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 'உடம்பு ஆறும், உயிரே ஆறும்' என்று பேனாவில் வந்தபோது எனக்கே புல்லரித்தது. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து ரசித்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று தொடங்கினேன், வரி நன்றாக அமைந்துவிட்டதால் ஒட்டி அனுப்பினேன். "எழுதிட்டியா?" என்றாள். "எழுதிட்டேன் அக்கா."

நீ விமானம் இறங்கி எந்த வண்டியில் வருவாய் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிறவன் நான். என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள்? உன் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டாள், பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்று. நானும் சேர்ந்து ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினேன்.

அப்புறம் உன் பதில் வந்தது. அவளுக்கு எழுதத்தான் வராது, படிக்க வரும். சலவைக்கூடத்திலேயே வாங்கிப் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள். "நான் என்ன சொன்னேன், நீ என்னடா எழுதின?"

சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்பவே இன்னொண்ணு எழுதறேன்க்கா, தந்தி மாதிரி போய்ச் சேரும்" என்று பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தை மறுபடியும் பிரித்துப் படித்தாள். "வேணாம்" என்றாள். "பையைப் பிரிச்சு அடுக்கிட்டேன்னு எழுதியிருக்கா. மறுபடியும் கட்டச் சொல்லாதே."

பிறகு சொன்னாள்: "இனிமே எழுதினதைப் படிச்சுக் காட்டு. நான் பேர் போடறேன்."

அதுதான் அந்தக் கோணல் கையெழுத்து. விரல் சரியாகவில்லை மிளகு. இடது கையால் போட்டாள்.

ஆபரேஷன் அன்றைக்கு நான் வழுக்கி விழவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் நான் அவளைப் பிடித்த மாதிரி. கதவு வந்ததும், "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். "பால் குடிக்கிற நேரம்" என்றாள். சட்டையை விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் பத்து வருஷம் நன்றாக இருந்தாள். நீ மூன்று தடவை வந்தாய். ஒவ்வொரு தடவையும், சொல்லப் போகிறாள் சொல்லப் போகிறாள் என்று நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அவள் சொல்லவில்லை. உனக்காகவா, எனக்காகவா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

நீ எனக்கு இனி எழுதாமல் இருந்தால் அது நியாயம்.

மாமா


ஏப்ரல் 8

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ஏழு நாளாக என் பைக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்கும் எடுத்துப் போகிறேன், கடைக்கும் எடுத்துப் போகிறேன். நலம் விசாரித்து எழுத இன்னும் மனசு வரவில்லை. கோபம் ஆறவில்லை. ஆறும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடுகுதான் கெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி பத்தி ஏதாவது கெட்டதா வந்திருக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாட்டி பயந்தாங்களா?" என்றாள். நம்ப முடியவில்லை அவளுக்கு. உன் பாட்டி எதற்கும் பயப்பட மாட்டாள், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள் என்று நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். எனக்கு அப்படி ஓர் அம்மா வசதியாக இருந்தாள் மாமா. அதில் உங்கள் தப்பு ஒரு பங்கு, என் தப்பு ஒரு பங்கு. அந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. 'இப்படிப் பேசுகிறவள் இல்லையே அம்மா' என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டுப் பையைப் பிரித்தேன்.

அச்சகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். முகப்பில் வரி எதுவும் இல்லை. அம்மாவின் பெயரும் தேதிகளும் மட்டும்தான். உள்ளே இருப்பது இது:

"ஒன்பது வயதில் தம்பியை வளர்த்தாள். கணவர் இறந்த பின் மகளைத் தனியாக வளர்த்தாள். முப்பத்தொரு வருஷம் இந்தக் கூடத்தில் வேலை பார்த்தாள். இயந்திரத்தில் விரல் மாட்டியபோது, துணிக்கூடையில் தூங்கும் மகள் பயப்படக் கூடாது என்று சத்தம் போடவில்லை. பேத்திக்குக் கழித்த விரிப்பில் கவுன் தைத்தாள். பேத்தி அதில் வார்டு ஏழாக இருந்தாள். ஈரத்தோடு மடித்தால் யாராயிருந்தாலும் திட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு முறை தனக்காக ஒன்று கேட்டாள். மகளைப் பத்து நாள் வந்துவிட்டுப் போகச் சொன்னாள்."

கூட்டத்தில் இதை நீங்கள்தான் படிக்க வேண்டும் என்று மேற்பார்வை அம்மா ஆசைப்படுகிறார். உங்கள் குரலுக்காகவாம். படியுங்கள். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நானும் கடுகும் பத்தொன்பதாம் தேதி காலையில் வந்து சேர்கிறோம். பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

மிளகு


ஏப்ரல் 13

அன்புள்ள மிளகுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீயும் குழந்தையும் நல்லபடியாக வந்து சேருங்கள். நிலையத்துக்கு வருகிறேன், இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவேன். இது மிகை இல்லை, எனக்கு வேறு வேலை கிடையாது.

அறையைப் பெருக்கிவிட்டேன். அக்காவின் அலமாரியை நான் தொடவில்லை. நீ வந்து திற.

நீ எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பழகிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் கை துறுதுறுத்தது. பேனாவை எடுத்து மேலே மாடத்தில் வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் எத்தனையோ வண்டிகளின் ஊர்ப்பெயர்களை மூச்சு விடாமல் சொன்னவன், இந்தப் பக்கத்தை ஆறு தடவை படித்து ஆறு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். கடைசி வரி.

மீதியை எல்லாம் நான் படிக்கிறேன். அந்த வரி வந்ததும் அட்டையை உன் கையில் கொடுத்துவிடுவேன். அதை நீ படி. அது உனக்குச் சொன்னது.

மாமா